அக்குவா தபுவாவின் ஏழாவது கேஸ்

எங்கள் ஊரில் அழுகைக்கென்று பெயர் வாங்கியவள் அக்குவா தபுவா ஒருத்திதான். மற்றவர்களும் அழாமல் இல்லை. சனிக்கிழமை தோறும் சாவு வீட்டுப் பந்தலில் நூறு பேர் அழுகிறார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு காரணம் இருக்கும், குறைந்தபட்சம் ஒரு பிணமாவது இருக்கும். தபுவா பதினோரு வருஷம், மணி அடித்தால் அழுதாள், மணி அடித்தால் நிறுத்தினாள். அதற்குக் கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒன்றும் அவள் வீட்டுச் சுவரில், புருஷன் படத்துக்கு ஒரு முழம் மேலே தொங்குகிறது.

எங்கள் ஊர் சுன்யானியிலிருந்து டெச்சிமான் போகிற சாலையில் இருக்கிறது. பெயரைச் சொல்லலாம். சொன்னால் கல்லூரி தங்கள் எல்லையில்தான் இருக்கிறதென்று அடுத்த ஊர்க்காரர்கள் கிளம்பிவிடுவார்கள், எதற்கு வம்பு. மனசு சரியில்லாதவர்களைக் கவனிக்கப் பிள்ளைகளைப் பழக்கி மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற கல்லூரி அது. அதன் வாசலில் தபுவாவின் கடை. காலையில் கம்பங்கஞ்சி, கூடவே கூசே என்கிற காராமணி வடை. புருஷன் க்வாகு டொன்கோருக்கு முந்திரித் தோப்பு. ஒரே மகளைக் குமாசியில் கட்டிக்கொடுத்தாயிற்று. இதற்கு மேல் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிருக்கும், ஒரு நாடகக்காரன் வந்த பஸ் வழியில் படுக்காமல் இருந்திருந்தால்.

மாணவர்கள் பழகிப் பார்ப்பதற்கு ஒரு நோயாளி வேண்டுமல்லவா? நிஜ நோயாளியை வைத்துப் பழகினால் அவன் கதி என்னாவது? அதனால் சுன்யானியிலிருந்து ஒரு நாடகக்காரனை வரவழைத்து நோயாளி வேஷம் போட வைப்பார்கள். அன்று அவன் வரவில்லை. பரீட்சைக்கு இன்னும் கால் மணி நேரம். வெரோனிகா மேடம், அந்தப் பாடம் நடத்துகிறவர், கஞ்சிக் கோப்பையோடு வாசலில் தவித்துக்கொண்டிருந்தார்.

"தபுவா, உனக்கு அழ வருமா?"

"எதுக்கு மேடம்?"

"சும்மாதான்."

"சும்மான்னா எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம். ஒரு பையன் கேள்வி கேப்பான். உன் பிள்ளை செத்துப்போச்சுன்னு வெச்சுக்கோ. ஆனா பதினெட்டாவது கேள்விக்கு முன்னாடி அதைச் சொல்லிடாதே."

"ஐயோ, என் பிள்ளை நல்லா இருக்கு மேடம்!"

"நல்லா இருக்கட்டும். வேற யாரு பிள்ளையாவது."

"பானையை யாரு கிண்டறது?"

"நான் கிண்டறேன், நீ போ!"

அன்று கஞ்சி அடிபிடித்தது. உள்ளே தபுவா பத்தொன்பதாவது கேள்வியில் "பிள்ளையோட செருப்பு இன்னும் வாசல்லதான் கிடக்கு" என்றாள். கேள்வி கேட்ட பையன் எழுந்து வெளியே ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று அழுதான். நாடகக்காரன் அடுத்த வாரம் வந்தபோது அவனுக்குக் கஞ்சி மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம். மொத்தம் ஆறு கேஸ். பிள்ளையைப் பறிகொடுத்தவள் முதல் கேஸ். குடிகாரன் பெண்டாட்டி இரண்டாவது. புருஷன் செத்த மறுவாரமே ஊர் வழக்கப்படி வாரிசான அவனுடைய அக்கா மகன்கள் வந்து தோப்பை எடுத்துக்கொண்டவள் மூன்றாவது. ரேடியோ தன்னைப் பெயர் சொல்லி ஏசுகிறது என்பவள் நாலாவது. பெற்ற குழந்தையைத் தொட மாட்டேன் என்பவள் ஐந்தாவது. பாலைவனம் தாண்டி லிபியாவுக்குப் போன மகன் மூன்று வருஷமாகப் போன் செய்யவில்லை என்பவள் ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் வேறு துணி, வேறு உட்கார்தல், வேறு கண்ணீர். இரண்டாவது கேஸில் இடது கண்தான் முதலில் கலங்கும். எப்படி என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஒவ்வொரு தடவையும் ஒரு மஞ்சள் படிவம் உண்டு. மேலே மாணவன் பெயர், கேஸ் எண். கீழே மாணவன் கையெழுத்து, தபுவா போடும் மதிப்பெண், பத்துக்கு இவ்வளவு, ஒரு வரிக் குறிப்பு. ஏழுக்கு மேல் அவள் யாருக்கும் போட்டதில்லை. பிள்ளைகள் கெஞ்சுவார்கள்.

"ஆன்ட்டி, ஒரு எட்டு போட்டா என்ன கெட்டுப்போவுது?"

"பத்து போட்டா நான் குணமாயிட்டேன்னு அர்த்தம். நான் எங்க குணமானேன்? புருஷன் இன்னும் குடிச்சிட்டுத்தானே இருக்கான்."

"நிஜப் புருஷன் குடிக்கிறதில்லையே ஆன்ட்டி!"

"அதனாலதான் ஏழு."

புகழுக்கு ஒரு விலை உண்டு. ஊரில் அவள் கண்ணீரை யாரும் நம்புவதில்லை. துணிக் கடையில் விலை குறைக்கச் சொல்லி முகம் சுருங்கினால் கடைக்காரி, "அம்மா தாயே, நாலாவது கேஸா? ரேடியோ வேணா போடட்டுமா?" என்பாள். வெங்காயம் நறுக்கிக் கண்ணைத் துடைத்தால் டொன்கோர் நாற்காலியில் சாய்ந்தபடி, "எத்தனாவது?" என்பார். அவளும் சிரித்துவிட்டு விரல்களைக் காட்டுவாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு மிஷின் வந்தது.

தலைநகர் அக்ராவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், தாடி வைத்த ஒருவனும் தலையில் கண்ணாடியைத் தூக்கிவைத்த ஒரு பெண்ணும். செயற்கை நுண்ணறிவு என்றார்கள். இனிமேல் மாணவன் நோயாளிக்காகக் காத்திருக்க வேண்டாம், நோயாளியும் நடுவில் கஞ்சி விற்க ஓட மாட்டாள், திரையில் ஒரு அம்மாள் எந்நேரமும் உட்கார்ந்திருப்பாள், என்ன கேட்டாலும் பதில் சொல்வாள், கேட்ட விதத்துக்கு மதிப்பெண்ணும் போடுவாள் என்றார்கள். அந்த அம்மாளுக்குக் குரல் வேண்டும், கதை வேண்டும், அழுகை வேண்டும். மூன்று வாரம் தபுவாவை ஒரு அறையில் உட்காரவைத்து ஆறு கேஸையும் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்துப் பிடித்துக்கொண்டார்கள். இருமலைக்கூட விடவில்லை.

திரை அம்மாளுக்கு மாமே எசி என்று பெயர் வைத்தார்கள். அது எங்கள் பக்கத்துப் பெயரே இல்லை, கடற்கரைக்காரர்கள் பெயர். "என் குரலுக்கு மீன்காரி பேரா?" என்று தபுவா கேட்டாள். தாடிக்காரன் அதையும் ஒலிப்பதிவு செய்துகொண்டான்.

வேலை முடிந்ததும் சான்றிதழ் கொடுத்தார்கள். இனித் தேவைப்படாத மஞ்சள் படிவம் இரண்டு பெட்டி மிச்சம் இருந்தது. "வடை மடிக்க ஆகும், எடுத்துக்கோ" என்றார் வெரோனிகா மேடம். அவள் எடுத்துக்கொண்டாள்.

மிஷின் வந்த முதல் மாதம் கல்லூரியே கொண்டாடியது. ஒரு வகுப்பில் இருபத்தாறு பேர், இருபத்தாறு பேரும் நூற்றுக்கு நூறு. அதுவும் இரண்டே நிமிஷத்தில். பழைய காலத்தில் முக்கால் மணி நேரம் மல்லாடி ஏழு வாங்கியவர்கள் இதைக் கேட்டு நொந்துபோனார்கள். வெரோனிகா மேடம் கூட்டத்தில் எழுந்து புள்ளிவிவரம் வாசித்தார்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்தால் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, குடித்து முடித்த பிறகுதான் வந்த சேதி கேட்பது. வீட்டுக்காரர், "இங்க அமைதிதான். வழியில வந்தது நீங்க. சேதி சொல்லுங்க" என்பார். வந்தவர் முதலில், "கெட்டது ஒண்ணும் இல்ல, அமைதிதான்" என்று சொல்லியாக வேண்டும். அண்ணன் செத்த சேதியைச் சொல்ல வந்தவனும் இதைச் சொல்லிவிட்டுத்தான் அண்ணனுக்கு வருவான். தபுவா பழக்கதோஷத்தில் ஆறு கேஸிலும் இப்படித்தான் ஆரம்பித்திருந்தாள். மிஷினும் கற்றுக்கொண்டது. மாணவன் வளர்ந்த வீட்டுப் பழக்கத்தில் சேதி கேட்டான். மாமே எசி, "கெட்டது ஒண்ணும் இல்ல, அமைதிதான்" என்றாள். மதிப்பெண் போடுகிற பகுதி அதைக் கேட்டு, நோயாளிக்கு மனம் தெளிந்துவிட்டது என்று பச்சை விளக்கைப் போட்டு நூறு கொடுத்துவிட்டது. பிள்ளை செத்தவள், லிபியாக்காரன் அம்மா, எல்லாருமே ஒரே வாக்கியத்தில் குணம்.

அக்ராவுக்குத் தகவல் போனது. தாடிக்காரன் வந்து அந்த ஆரம்பத்தையே வெட்டி எடுத்தான். திரையில் இருப்பவள் தண்ணீர் குடிக்க முடியாது என்பதால் தண்ணீரும் போயிற்று. மிஷின் அறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள்: "சேதி கேட்கக் கூடாது. கேட்டால் பூஜ்யம்." அந்த வருஷப் பிள்ளைகள் அதைப் பயந்து பயந்து மனப்பாடம் செய்தார்கள். நேராக "எத்தனை நாளா தூக்கம் இல்ல?" என்று தொடங்கக் கற்றார்கள். வீட்டுக்குப் போனபோது சொந்த மாமாவிடமே அப்படித் தொடங்கிய ஒருவனைப் பற்றி ஊரில் கதை உண்டு. நான் அதை நம்பவில்லை, ஆனால் மாமா நம்புகிறார்.

தபுவா திரும்பக் கஞ்சிக்காரி மட்டும் ஆனாள். இரண்டு வருஷம் ஒன்றுமில்லை. போன மழைக்காலத்தில் ஒரு காலை, வரிசையில் பிள்ளைகள் நிற்க, கரண்டி பானைக்குள் இருக்க, அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கலங்கியது இடது கண்தான். அவள் முதலில் நினைத்தது: இது இரண்டாவது கேஸ் ஆச்சே, எனக்கு யார் மணி அடித்தார்கள்?

அது நிற்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பின்ன ஆரம்பித்த தலை பாதியில் நின்றது. பேசினால் வாக்கியம் நடுவழியில் உட்கார்ந்துகொண்டது. எதற்கு என்று யோசித்தாள். பிள்ளை நன்றாக இருக்கிறாள், போன் செய்கிறாள். புருஷன் குடிப்பதில்லை. தோப்பு இருக்கிறது. ரேடியோ வானிலை மட்டும்தான் சொல்கிறது. அவள் அறிந்த ஆறு துக்கத்துக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது, பதினெட்டு கேள்விக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். தன்னையே பதினெட்டு கேள்வி கேட்டுப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

"எனக்கு என்னமோ பண்ணுதுங்க," என்றாள் டொன்கோரிடம்.

"எத்தனாவது?"

"தெரியலைங்க."

"நல்லா இருக்கு. புதுசா?" என்று சிரித்தார் அவர். பிறகு சிரிப்பு குறைந்தது. பிறகு மறுபடியும் சிரித்தார். அவருக்கும் குழப்பம்தான். எது நிஜம் என்று கேட்டால் அவள் கோபித்துக்கொள்வாளோ என்று கேட்கவில்லை.

வெரோனிகா மேடத்திடம் சொன்னாள். மேடம் கோப்பையை வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "அட, என்ன அருமையா பண்றே! இதை அப்பவே பதிவு பண்ணியிருக்கலாமே," என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது அவருக்கு.

ஆக, மாவட்ட ஆஸ்பத்திரி.

அங்கே மனநலப் பிரிவில் இருப்பவன் காட்ஃபிரெட் ஜாபா. மிஷினிடம் மட்டுமே படித்து வெளியே வந்த முதல் செட் பையன். ஒரு மேஜை, ஒரு விசிறி. வெளியே பெஞ்சில் நாற்பது பேர். தலைக்கு ஐந்து நிமிஷம். தலையை நிமிர்த்தாமல் எழுதுவான். தபுவா உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா தூக்கம் இல்ல?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதினோரு வருஷப் பதில் தயாராக இருந்தது. வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது. "படுத்தா கூரைத் தகரத்தை எண்ணிக்கிட்டுக் கிடக்கேன்யா."

பேனா நின்றது. காட்ஃபிரெட் நிமிர்ந்து பார்த்தான். முகம் அவனுக்குக் கஞ்சிக்காரி முகம். குரல்தான் அவனை எழுந்து நிற்க வைத்தது.

"மாமே எசி!"

"இல்லய்யா, நான் தபுவா..."

"தெரியும் ஆன்ட்டி, தெரியும்! உங்ககிட்ட இருநூறு மணி நேரம் உக்காந்திருக்கேன்! உங்க இருமல்கூட எனக்கு மனப்பாடம்." பிறகு அவன் முகம் மாறியது. மிஷினில் படித்தவர்கள் எப்படி வேலை செய்கிறார்களென்று சோதிக்க ஆள் அனுப்பப் போகிறார்களாம் என்று ஒரு பேச்சு அவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "ஓ... சரி. சரி ஆன்ட்டி. புரிஞ்சுபோச்சு." சட்டைக் காலரைச் சரிசெய்தான். வெளியே போய் நாற்பது பேரிடமும் கொஞ்ச நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "ஆரம்பிக்கலாம்."

"ஐயா, நிஜமாவே எனக்கு..."

"பிரமாதம். அப்படியே சொல்லுங்க."

முக்கால் மணி நேரம் கேட்டான். அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நடுவில் புகவில்லை. அவள் நிறுத்திய இடத்தில் அவனும் நிறுத்திக் காத்திருந்தான். மேஜைக்கடியில் விரல் விட்டுக் கேள்வியை எண்ணிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. பதினெட்டு வந்தது. அவன் கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். ஒன்றும் வரவில்லை. பத்தொன்பது, இருபது. நெற்றியில் வியர்வை.

கடைசியில் கையை நீட்டினான். "படிவம் குடுங்க ஆன்ட்டி, கையெழுத்துப் போடறேன்."

"படிவமா?"

"மறந்துட்டீங்களா? சீனியருங்க சொல்வாங்களே, அந்த மஞ்சள் படிவம். பரவால்ல, அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் தன்னைத்தான் கேட்டானா, மாமே எசியைக் கேட்டானா? தான் சொன்னது தன் வார்த்தையா, அந்த மீன்காரி வார்த்தையா? மீன்காரி வார்த்தையும் தன் வாயிலிருந்து போனதுதானே? ஆனால் வீட்டுக்கு வந்து, கிழங்கை இடித்துச் செய்த ஃபுஃபு உருண்டையைத் தொட்டவள், கிண்ணத்தைக் காலி செய்துவிட்டாள். அதைப் பார்த்து டொன்கோர் தன் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் அவள் பக்கம் தள்ளினார்.

இங்கேதான் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நிஜ நோயாளி என்றால் ஐந்து நிமிஷம். வேஷம் என்றால் முக்கால் மணி நேரம். அடுத்த வெள்ளிக்கிழமை வடை மடிக்க வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் படிவத்தை எடுத்து, எண்ணெய் படாததாகப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். நோயாளி என்று நம்ப யாருமில்லாததால், நோயாளி வேஷம் போடுகிறவளாக வேஷம் போட்டாள். இதை இன்னொரு முறை வாசித்துக்கொள்ளுங்கள். எழுதுகிற எனக்கே இரண்டு முறை தேவைப்பட்டது.

அந்த இரண்டாவது வெள்ளி கெட்டுப்போனது, அவள் இரக்கத்தால். பையன் பதினெட்டைத் தாண்டித் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எத்தனை மாணவர்களுக்குக் கொடுத்த கை! "மகன் லிபியா போனான்யா, மூணு வருஷமா போன் இல்ல," என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். காட்ஃபிரெட் முகம் விடிந்தது. ஆறாவது கேஸுக்குரிய எல்லா வார்த்தையையும் அழகாகச் சொன்னான். கையெழுத்துப் போட்டான். அவள் வீட்டுக்கு வந்து, இல்லாத மகனுக்காக இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள்.

மூன்றாவது வெள்ளி அவள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. படிவத்தில் கேஸ் எண் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, ஏழு என்று எழுதினாள்.

"ஏழா?" என்றான் காட்ஃபிரெட். "ஏழுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு போலய்யா."

"கஷ்டமான பேப்பர் ஆன்ட்டி. காரணம் எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"அது எனக்கும் தெரியலை."

அவன் பலமாகத் தலையாட்டினான். இதுவும் பரீட்சையின் ஒரு பகுதி என்று நினைத்தான்.

நாலாவது வாரம் புதன்கிழமை, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வரும் வழியில் வாங்கிய கூசே வடையை அவன் மேஜையில் வைத்தாள். அவன் இரண்டு வடையைத் தின்றான். மூன்றாவதை எடுத்தபோது அடியில் காகிதம் தெரிந்தது. மஞ்சள். மேலே, மாணவன் பெயர். கேஸ் எண். கீழே, மதிப்பெண், பத்துக்கு. எண்ணெயில் நனைந்து மறுபக்கம் தெரிந்தது.

கல்லூரி கொடுத்தனுப்புகிற பரீட்சைப் படிவம் வடை மடிக்க எப்படி வந்தது? வடையை வைத்துவிட்டு வெரோனிகா மேடத்துக்குப் போன் போட்டான்.

"மேடம், ஏழாவது கேஸை எப்ப சேத்தீங்க?"

"எந்த ஏழு? ஆறுதான்டா இருக்கு."

"நீங்க ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பலையா? தபுவா ஆன்ட்டியை?"

"நான் எதுக்கு அனுப்பப் போறேன்? அவ வாசல்ல வடை போட்டுட்டிருக்கா. ஏன், அங்க வந்து நடிச்சாளா? அவளை விட்டா..." மேடம் பேச்சை முடிக்கவில்லை. பிறகு அவர் வேறு குரலில், "காட்ஃபிரெட், எத்தனை வாரமா வரா?" என்றார்.

"மூணு வாரமா."

"கடவுளே. என்கிட்டயும் சொன்னாடா. நான் அருமைன்னு சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை தபுவா வந்தாள். இடுப்பில் படிவம். கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது. மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளர். காட்ஃபிரெட் தண்ணீர்ப் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்காமல், கத்தரிக்கோலால் வெட்டி, டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினான். அவள் வாங்கினாள். அவனைப் பார்த்தாள். குடித்தாள். அவன் அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மிஷின் அறைச் சுவரிலிருந்த 'சேதி கேட்கக் கூடாது' காகிதம் இங்கேயும் ஒட்டியிருக்கிறதோ என்பதுபோல ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்:

"இங்க அமைதிதான் ஆன்ட்டி. வழியில வந்தது நீங்க. சேதி சொல்லுங்க."

"கெட்டது ஒண்ணும் இல்ல," என்றாள் தபுவா. "அமைதிதான்."

பச்சை விளக்கு எரியவில்லை. எரிய அங்கே விளக்கு இல்லை. அவன் பேனாவை மூடி வைத்தான். விசிறி சுற்றியது. வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

"எனக்கு ஒண்ணும் நடக்கலய்யா," என்றாள் அவள். "அதுதான் சேதி. பிள்ளை இருக்கு. அவர் இருக்காரு. ஒண்ணுமே நடக்கல. ஆனா காலையில கரண்டியைத் தூக்க முடியல. காரணம் இருந்தாத்தானே அழலாம்? காரணம் இல்லாம அழுதா அது நடிப்புத்தானே? நான் நடிக்கிறேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நீ சொல்லு, நீதான் இருநூறு மணி நேரம் பாத்தியே, நான் நடிக்கிறேனா?"

காட்ஃபிரெட் விரல் எண்ணவில்லை. "மாமே எசி ஒரு தடவைகூட என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டதில்ல ஆன்ட்டி," என்றான். "நீங்க நடிக்கல. காரணம் இல்லாமலும் இது வரும். புத்தகத்துல நாலு வரி இருக்கு. மிஷின்ல இல்ல, அதனால நான் சரியாப் படிக்கல."

"அப்ப தெரியாதா உனக்கு?"

"முழுசாத் தெரியாது. படிச்சுட்டு வரேன். நீங்களும் வாங்க."

மேஜை இழுப்பறையைத் திறந்து வெள்ளை அட்டை ஒன்றை எடுத்தான். நிஜ நோயாளிகளுக்குத் திறக்கிற அட்டை. "பேர்?" என்று கேட்டான். அவள் "மாமே..." என்று ஆரம்பித்து நிறுத்தி, "அக்குவா தபுவா" என்றாள். அவன் எழுத்துக்கூட்டி எழுதினான். மாத்திரை எழுதினான், அடுத்த வெள்ளி தேதியை எழுதினான். அந்த வாரம் அவளுக்கு இருபது நிமிஷம்தான் கிடைத்தது. நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

எழுந்தபோது பழக்கத்தில் கை இடுப்புக்குப் போய் மஞ்சள் படிவத்தை எடுத்து நீட்டிவிட்டது. இருவரும் அதைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஏன் போட்டாய் என்று பிறகு கேட்டதற்கு, "அவங்க நீட்டினாங்க, நான் போட்டேன்," என்கிறான். அவளைக் கேட்டால், "பாவம், எதிர்பார்ப்பானேன்னு நீட்டினேன்," என்கிறாள். இருவரில் யார் யாருக்காக வேஷம் போட்டார்கள் என்பதை நான் கண்டுபிடிக்கப் போவதில்லை.

தபுவா இன்னும் கஞ்சி விற்கிறாள். சில காலைகளில் கடை திறப்பதில்லை. அன்று வெரோனிகா மேடம் அவள் வீட்டுக்குப் போய், தண்ணீர் வாங்கிக் குடித்து, சேதி சொல்லி, அவள் தலையைப் பின்னிவிட்டு வருகிறார். வெள்ளிக்கிழமைகளில் அவள் பஸ்ஸில் போகிறாள், டொன்கோரும் கூடப் போகிறார். அவர் எத்தனாவது என்று கேட்பதை நிறுத்திவிட்டார். அக்ராவுக்கு மேடம் கடிதம் எழுதியிருக்கிறார், காரணம் இல்லாத கேஸ் ஒன்று சேர்க்கச் சொல்லி. காரணம் இல்லாவிட்டால் எதைக் கண்டுபிடித்ததற்கு மதிப்பெண் போடுவது என்று தாடிக்காரன் பதில் எழுதியிருக்கிறான். நியாயமான கேள்விதான்.

போன வாரம் நான் வாங்கிய வடையைப் பிரித்தபோது ஒரு மஞ்சள் படிவம் இருந்தது, எண்ணெயில் பாதி கரைந்து. மாணவன் பெயர்: காட்ஃபிரெட் ஜாபா. கேஸ் எண்: ஏழு. மதிப்பெண்: பத்துக்கு ஏழு. குறிப்பு: தண்ணீர் நாலாவது வாரம்தான் வந்தது.